ஜெயபாய் கல்லறையில் ஓர் இடம்

தலை நரைத்தால் பொறாமையும் நரைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தங்கபாய்க்கு அறுபத்தொரு வயது. மூட்டில் வலி, கண்ணில் புரை, வாயில் பாதிப் பல் இல்லை. பொறாமை மட்டும், பத்தொன்பது வயதில் கழுத்தில் தாலி ஏறிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு சுருக்கம் விழாமல் இருந்தது.

யார்மேல் என்கிறீர்களா? செத்துப்போன ஒருத்திமேல். ஜெயபாய் என்பது அவள் பேர். தங்கபாயின் புருஷன் ஐயாதுரைக்கு முதல் தாரம். கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம் முடியவில்லை, டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டாள். அவள் படம் இன்னும் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. நாற்காலி முதுகில் கை வைத்து, தலைநிறையப் பூ வைத்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நிற்கிறாள். தங்கபாய் நாலு பிள்ளை பெற்றாள், வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டாள், பல் கொட்டினாள், இடுப்பு பெருத்தாள். படத்தில் இருப்பவளுக்கு அன்றைக்கும் இருபது, இன்றைக்கும் இருபது. இது என்ன நியாயம்? இருக்கிறவளோடு மல்லுக்கட்டலாம். செத்தவளோடு யார் சண்டை போடுவது? சக்களத்தி மண்ணுக்குள் போனாலும் சக்களத்திதான்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஐயாதுரை சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் தூக்கிக்கொண்டு தனியாகப் போவார். ஜெயபாய் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு, ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே திரும்புவார். அன்றைக்கு வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழும்.

இது இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து ஜெபம் சொன்ன பிறகு, கமிட்டிச் செயலாளர் பால்சாமி எழுந்து நின்றார்.

“கல்லறைத் தோட்டத்துல இனி இடம் கெடையாது. குடும்பக் கல்லறை இருக்கிறவிய அதையே தெறந்து வச்சிக்கிடலாம். ஒரு கல்லறைக்கு ரெண்டு பேருதான், அதுக்கு மேல முடியாது. மத்தவியளுக்கு வன்னியம்பட்டிப் பக்கம் புது எடம் வாங்கியிருக்கு. பழைய கல்லறை வேணுங்கிறவிய கையத் தூக்குங்க.”

சாவு ஏதோ பக்கத்து ஊர்க்காரனுக்கு வருகிற சமாச்சாரம் போல எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கம் ஒரே ஒரு கை மேலே போனது.

“ஜெயபாய் கல்லறை இருக்கு. நான் அதுல போயிக்கிடுதேன்” என்றார் ஐயாதுரை, பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர் மாதிரி.

பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த தங்கபாய் பாயின் கோரையை நகத்தால் பிய்த்தாள். இத்தனை பேர் முன்னால்! நாலு பிள்ளை பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள், அவருக்கு அவள் பக்கத்தில் இடம் வேண்டுமாம். இவளை வன்னியம்பட்டிப் பொட்டலில் தனியாகப் போடுவார்களாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவள் முந்திப் போனாலும் அவர் அங்கேதான் போவார். பிந்திப் போனாலும் அங்கேதான். ஆக, அந்தக் கிழவரைச் சாகாமலே வைத்திருப்பதுதான் ஒரே வழி.

அந்த வழியும் தேடி வந்தது. அடுத்த வாரமே ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கை வாழ்வு முகாம் நடந்தது. பக்கத்து வீட்டு அங்காளம்மாள் கூப்பிட, தங்கபாயும் போனாள். வெள்ளை ஜிப்பா போட்ட தாடிக்காரர் ஒருவர் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “மனிதன் நூற்றிருபது வயதுவரை வாழப் பிறந்தவன். சாவு நாமாகச் சமைத்துச் சாப்பிடுவது” என்றார். கூட்டம் கை தட்டியது. தங்கபாய்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். நூற்றிருபது! இன்னும் ஐம்பது வருஷம் ஜெயபாய் தனியாகக் கிடந்து வாய் பார்க்கட்டும்.

மறுநாள் விடியும்போதே வீட்டில் சட்டம் மாறிவிட்டது. எழுந்ததும் பெரிய செம்பு நிறையத் தண்ணீர், ஒரே மூச்சில். அப்புறம் அருகம்புல் சாறு. காப்பி கிடையாது, எண்ணெய் கிடையாது, கறி கிடையாது, உப்பு அறவே கிடையாது. பச்சை வெண்டைக்காய், முளைகட்டிய பயறு, மறுபடியும் தண்ணீர். ராஜபாளையம் ரோட்டில் வேகு வேகென்று நடை, திரும்பி வந்தால் மறுபடியும் தண்ணீர்.

“ஏட்டி தங்கம், உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாக. நான் என்ன ஆடா, தழையத் திங்க?”

“பேசாமத் திங்கீகளா இல்லையா?”

ஐயாதுரை தின்றார். மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், வெளியில் அதட்டுவார், வீட்டில் அடங்குவார். அங்காளம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “அண்ணாச்சி மேல ஒங்களுக்கு எம்புட்டுப் பிரியம்க்கா!” தங்கபாய் அடுத்த செம்பை நிரப்பினாள்.

இரண்டு மாதத்தில் ஐயாதுரையின் தொந்தி கரைந்தது, கன்னம் ஒட்டியது. ரேஷன் கடையில் ஒருத்தி, “ஒங்க வீட்டுக்காரரு புது மாப்பிள்ளை கணக்கால்ல இருக்காரு” என்றாள். தங்கபாய்க்குச் சுருக்கென்றது. அடப்பாவமே, அவரை இளைக்கவைத்து இளைக்கவைத்து அந்த இருபது வயசுக்காரிக்குப் பொருத்தமாக நானே தயார் பண்ணுகிறேனோ? அன்றைக்கு அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் செம்புத் தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு நாள் காலையில் நடக்கப் போனவர் ரோட்டோரப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். ஓடிப் போய்ப் பார்த்தால் கண் எங்கேயோ செருகியிருக்கிறது, நாக்குக் குழறுகிறது. தங்கபாய் அவர் முகத்தைத் தாங்கி, “ஏங்க, இங்க பாருங்க, நாந்தான்” என்றாள். அவர் பார்த்தார்.

“ஜெயா, தண்ணி வேண்டாம்ட்டி” என்றார்.

ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகிற டாக்ஸியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தங்கபாய் அழுதாள். இந்த மனுஷன் போய்விடுவாரோ என்ற பயம் ஒரு கண்ணில், பாவி அவள் பேரைச் சொல்லிவிட்டாரே என்ற எரிச்சல் மறு கண்ணில். ஆண்டவரே, அவரைப் பிழைக்கவையும், பிழைத்ததும் நானே கேட்டுக்கொள்கிறேன் என்று ஜெபம் பண்ணினாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இவளை வெளியே கூப்பிட்டார். “உப்பே குடுக்காம, குடம் குடமாத் தண்ணி குடிக்கவச்சிருக்கீங்க. ரத்தத்துல உப்பு எறங்கிப் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். அவரை அனுப்பி வைக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களாம்மா?”

எங்கே போகவிடக்கூடாது என்று காவல் காத்தாளோ, அங்கே தானே கைப்பிடித்துக் கொண்டுபோய் விடப் பார்த்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் ஐயாதுரை தெளிந்து, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

“அன்னைக்குக் கோயில்ல எதுக்குக் கையத் தூக்கினீக?”

“எந்தக் கை?”

“அவ பக்கத்துல படுக்கணும்னு தூக்கினீகளே, அந்தக் கை!”

அருகம்புல், வெண்டைக்காய், செம்பு எல்லாம் ஐயாதுரைக்கு அப்போதுதான் விளங்கியது போலிருந்தது.

“ஏட்டி, மில்லுல நைட் ஷிப்டுக்கு ஆள் கேட்டா ஒருத்தனும் தூக்க மாட்டான். மொதக் கை நான் தூக்குவேன், பொறவு ஒவ்வொருத்தனாத் தூக்குவான். அந்தப் பழக்கம். எல்லாரும் பயந்துபோய்த் தரையப் பாத்துக்கிட்டிருந்தாக. எனக்கென்ன பயம்? எழுவது நெருங்குது, கூப்புட்டாப் போக வேண்டியதுதானே.”

“அவ பேரச் சொன்னீகளே.”

“சொன்னேனா?” அவர் கஞ்சியைக் கீழே வைத்தார். “பிரியமாத்தான் இருந்தேன், தங்கம். பொய் சொல்லல. ஆனா இப்ப அவ நம்ம பேத்தி வயசுப் பிள்ள. நான் போய்ப் பக்கத்துல படுத்தா, யாரு தாத்தா நீங்கன்னு கேப்பா.”

தங்கபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. அன்று வீட்டுக்குத் துணி எடுக்கப் போனவள் முன்னறையில் நின்று படத்தை நிமிர்ந்து பார்த்தாள். வாஸ்தவம்தான். பேத்தி எஸ்தரைவிடச் சின்ன முகம். இத்தனை வருஷமும் ஒரு பச்சைப்பிள்ளையோடா மல்லுக்கு நின்றாள்? இருந்தும் பாருங்கள், நெஞ்சுக்குள் எரிகிறது எரிந்துகொண்டேதான் இருந்தது.

அடுத்த மாதம் கோயிலில் பால்சாமி மறுபடியும் கல்லறைப் பேச்சை எடுத்தார். “ஐயாதுரை அண்ணாச்சி ஏற்கெனவே சொல்லிட்டாக, வேற யாரும்...” என்று இழுத்தபோது, பெண்கள் பக்கத்தில் தங்கபாய் மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து கையைத் தூக்கினாள்.

“ஜெயபாய் கல்லறையில நான் போறேன்.”

கோயிலே திரும்பிப் பார்த்தது. பால்சாமி தொண்டையைச் செருமினார். “அப்ப அண்ணாச்சி?”

“அவிய வன்னியம்பட்டிக்குப் போகட்டும்.”

யாரோ சிரித்தார்கள். ஐயாதுரை மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்தவர் தெருமுனை திரும்பியதும் நின்றார்.

“ஏட்டி, அவகூட நீ படுத்துக்கிடுவியா?”

“படுத்துக்கிடுவேன். சின்னப்பிள்ள, இம்புட்டு வருசமாத் தனியாக் கெடக்கா.”

“அப்ப நான் மட்டும் அந்தப் பொட்டல்ல தனியாக் கெடக்கணுமா?”

“கெடங்க. பிரிஞ்சு போனவளத்தான நீங்க நெனைக்கீக? நான் முந்திப் போறேன். இனி என்னைய நெனைங்க.”