இடப்பக்கக் கதவில் கீறல்

சேர்விஸ் முடிந்து வந்த கார் விதுர்ஷாவுக்கே வேறொருவருடையதுபோலத் தெரிந்தது. அது கறுப்புக் கார் என்பதை அவள் மறந்திருந்தாள். வயல் வீதியின் புழுதி அதை எப்போதும் சாம்பல் நிறத்திலேயே வைத்திருந்தது. இப்போது கழுவி, பொலிஷ் செய்து, மெழுகு பூசிக் கொடுத்திருந்தார்கள். மண்முனைப் பாலத்தில் வரும்போது வாவிக்கு மேல் நின்ற மேகம் பொனட்டில் ஓடியது.

அவள் மணப்பெண் அலங்காரம் செய்பவள். வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கல்யாணங்கள் பெரும்பாலும் வாவிக்கு அந்தப் பக்கம். பவுடர் பெட்டிகளையும் சடை நாகத்தையும் பின் சீட்டில் போட்டுக்கொண்டு தனியாகப் போய் வருவாள். வெள்ளிக்கிழமை தேற்றாத்தீவில் ஆர்த்திகா என்ற பெண்ணுக்கு அலங்காரம். இந்த முறை காரையும் கேட்டிருந்தார்கள். பெண்ணை அதிலேயே களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்கு ஏற்றிப் போக வேண்டும். அதற்காகத்தான் சேர்விஸோடு பொலிஷும் செய்யச் சொன்னாள்.

காரை வழக்கம்போல வேப்பமரத்தடியில் விட்டாள். இடப்பக்கம் வயலைப் பார்த்தபடி. வயல்வட்டையில் நெல் வெட்டுத் தொடங்கியிருந்தது. எங்கோ மயில் அகவியது.

அம்மா இராசாத்தி குசினியிலிருந்து வந்து பார்த்தாள்.

"என்ன புள்ள இது, முகம் தெரியுது!"

கதவின் முன் குனிந்து தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

மறுநாள் விதுர்ஷா வெயில் ஏறித்தான் எழுந்தாள். முற்றத்துக்கு வந்தாள். இடப்பக்கக் கதவில் கீறல்கள் இருந்தன. சின்னக் கீறல்கள். ஒரே இடத்தில் பல. ஊசியால் கிழித்ததுபோல.

"அம்மா, இஞ்ச ஆரும் வந்தவங்களா?"

"ஆர் வாறது? ஒருத்தரும் வரல்ல." அம்மா சுளகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

காரைச் சேர்விஸ் செய்த கொம்பனிக்கே திரும்ப ஓட்டிப்போனாள். அங்கே சேர்விஸ் பகுதி மனேஜர் நிஸ்தார், காத்தான்குடிக்காரர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

"மிஸ், இஞ்ச இருந்து போகக்குள்ள இது இல்ல."

"அப்ப என்ட முத்தத்துல முளைச்சதா?"

"நான் அப்படிச் சொல்லல்ல."

"கேட் பூட்டிக் கிடந்தது. சுத்திவரக் கம்பிவேலி. உள்ள நானும் அம்மாவும். நான் கீறல்ல. அம்மாவுக்கு என்ன விசரா?"

நிஸ்தார் பின்பக்கம் திரும்பி, "ஜெயரூபன்" என்று கூப்பிட்டார்.

ஜெயரூபன் வந்தார். நாற்பதைத் தொட்ட மெலிந்த மனிதர். கட்டாரில் பல வருடம் கார் கழுவிவிட்டு வந்தவர். இங்கே சேர்ந்து சில மாதங்கள்தான். அந்தக் காரைப் பொலிஷ் செய்தவர் அவர்தான். கீறலை நகத்தால் தொட்டுப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கும் முன்னரே சொன்னார்.

"துணியில மண் நிண்டிருக்கும் போல."

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது நிஸ்தாரின் முகத்தில் தெரிந்தது. விதுர்ஷாவைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"ஆள் இன்னும் தவணையிலதான் மிஸ். மாசம் முடியத்தான் நிரந்தரம். முறைப்பாடு வந்தா நான் கொழும்புக்கு அறிவிக்கோணும். அறிவிச்சா நிரந்தரமும் இல்ல, ஆளும் இல்ல."

"ஆருக்கும் அறிவிக்க வேணாம். கீறல் போனாச் சரி. வெள்ளிக்கிழமை இதுல பொம்புள ஏத்தோணும்."

ஜெயரூபன் திரும்பவும் வேலை செய்தார். விதுர்ஷா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். மெசின் சுழன்றது. கீறல் மெதுவாக மங்கியது.

"தங்கச்சி, பொம்புளட முகத்தில இப்படிக் கீறல் இருந்தா என்ன செய்வீங்க?"

"பூசி மறைப்பன்."

"மறுகா முகம் கழுவினா?"

"கழுவுற நேரம் கல்யாணம் முடிஞ்சிரும்."

அவர் மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "காருக்கு அது சரிவராது."

"மாப்பிள்ளைமாருக்குச் சரிவருது அண்ணன்."

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கதவு முந்தியதைவிட மினுங்கியது.

அடுத்த நாள் கிணற்றடியிலிருந்து தலை துடைத்தபடி வந்தாள். கீறல்கள் இருந்தன. அதே கதவு. இப்போது இன்னும் அதிகம். முன் மட்கார்ட்டிலும் ஒரு நீளக் கோடு.

ஈரத் தலையோடு நிஸ்தாரை அழைத்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். பொலிஷா, அரமா என்று கேட்டாள். காரை மினுக்கத் தந்தேனா, சீவத் தந்தேனா என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சரி மிஸ். இனி எனக்கும் வழியில்ல. நாளைக்கு அறிவிக்கிறன்."

அழைப்பு முடிந்தது. விதுர்ஷா படியில் உட்கார்ந்தாள். அவள் கோபப்பட்டது கதவுக்காக. அறிவிக்கப்போவது ஒரு மனிதரைப் பற்றி. திரும்ப அழைத்து, அறிவிக்க வேண்டாம் என்று சொல்லலாம். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை இந்தக் கதவைத் திறந்துதான் ஆர்த்திகா ஏற வேண்டும். போனைக் கையில் வைத்திருந்தாள். அழைக்கவில்லை.

மதியம் கேட்டடியில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஜெயரூபன். பின்னால் பொலிஷ் மெசினைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"மனேஜர் நாளைக்குத்தான் அறிவிப்பார். இண்டைக்கு உங்கட கண்ணுக்கு முன்னால செய்யிறன் தங்கச்சி. புதுத் துணி, புது மெழுகு. அதுக்குப் பிறகும் கீறல் விழுந்தா என்ட கைதான் பிழை. அவர் அனுப்ப முதல் நானே போயிருவன்."

"சாப்பிட்டீங்களா?"

"வேலை முடியட்டும்."

வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்துக் கொடுத்தாள். அம்மா ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து வேப்பமரத்தின் கீழ் போட்டு உட்கார்ந்தாள். கல்யாண வீட்டுச் சமையலைப் பார்வையிட வந்தவள்போல.

"நல்லா மினுக்கு மனே. அங்கால வேணாம். இஞ்சால. இந்தக் கதவு."

"எல்லாத்தையும் செய்யத்தானே வேணும் அம்மா."

"எல்லாத்தையும் செய். இதை வடிவாச் செய். இதுலதான் அவருக்குத் தெரியும்."

"ஆருக்கு?"

"பேர் சொன்னாத்தான் மினுக்குவியோ?"

ஜெயரூபன் விதுர்ஷாவைப் பார்த்தார். விதுர்ஷா தோளைக் குலுக்கினாள்.

வேலை முடிந்தது. அவர் உள்ளங்கையால் கதவைத் தடவிப் பார்த்தார். அவள் போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். மணப்பெண்ணின் கன்னத்தை அப்படித்தான் பார்ப்பாள். ஒரு கோடும் இல்லை.

"பாத்தீங்கதானே?" என்றார் அவர்.

"பாத்தன்."

"சாட்சி?"

"சாட்சி. வந்து சாப்பிடுங்க."

உள்ளே சோறும் இறால் கறியும் இருந்தன. ஜெயரூபன் கை கழுவி உட்கார்ந்தார். அம்மா கறியை வைத்துவிட்டுப் பின்பக்கமாக எங்கோ போனாள். வந்தபோது சேலைத் தலைப்பைத் தட்டிக்கொண்டாள். இரண்டு நெல்மணி கீழே விழுந்தது.

அவர் இரண்டாவது பிடியை வாயில் வைத்தார்.

டொக்.

கை நின்றது.

டொக். டொக். பிறகு தகரத்தில் விறகு உரசியதுபோல ஒரு சத்தம்.

இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

இடப்பக்கக் கதவின் முன் ஒரு ஆண் மயில் நின்றது. நீளத் தோகை முற்றத்தில் இழுபட்டது. கதவுக்குள் இன்னொரு ஆண் மயில் நின்றது. வெளியே நின்றது கழுத்தை நீட்டியது. உள்ளே நின்றதும் நீட்டியது. அதை இதற்குப் பொறுக்க முடியவில்லை. கொத்தியது. பிறகு துள்ளி எழும்பி, இரண்டு காலாலும் உதைத்தது. நகம் கதவில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

கதவடியில் நெல் தூவியிருந்தது.

"மயிலா?" என்றார் ஜெயரூபன். கையில் சோறு இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்து சோறு அடைத்தது. விதுர்ஷா அவர் முதுகில் தட்டினாள்.

"கத்தாத மனே" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "பயந்திரும்."

விதுர்ஷா திரும்பினாள்.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

அம்மா கூரையைப் பார்த்தாள்.

"நீ கார் எடுத்த நேரம் மண்டூர் முருகனுக்கு நேர்ந்தன். புள்ள தனியப் பாலம் கடந்து போகுது, காவல் நில்லுங்க எண்டு. இவ்வளவு காலமும் ஒரு அறிகுறியும் இல்ல. கார் மினுங்கி வந்த அடுத்த நாள் விடியக்குள்ள அவர்ட மயில் வந்து, உன்ட கதவுக்குத் தலை குனிஞ்சது. என்ட கண்ணால கண்டன்."

"அது குனியல்ல அம்மா. கொத்தினது."

"தூரத்தால ரெண்டும் ஒண்டுதான்."

"ஏன் என்னிட்டச் சொல்லல்ல?"

"சாமி வந்ததைச் சொன்னா மறுகா வராது."

"நெல்லு?"

"வந்தவரை வெறும் வாயோட அனுப்புறதா?"

விதுர்ஷாவுக்குச் சொல்ல வந்ததெல்லாம் சிரிப்பில் முட்டி நின்றது.

ஜெயரூபன் இப்போது சிரிக்கவில்லை.

"தங்கச்சி, மனேஜரிட்ட மயில் எண்டு சொன்னா நம்புவாரா?"

அவள் யோசித்தாள். இரண்டு நாள் நிஸ்தாரைத் திட்டியவள். இப்போது மயில் என்று சொல்வாள். ஜெயரூபன் மேல் இரங்கிப் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். போனை எடுத்தாள். ஜன்னலுக்கு வந்தபோது மயில் கதவை விட்டு நகர்ந்திருந்தது. வேலியை நோக்கி நடந்தது.

"அம்மா, கூப்பிடு. நீ கூப்பிட்டா வரும்."

"எதுக்கு?"

"படம் எடுக்க."

"சாமியை வீடியோ எடுக்கிறதா? நான் மாட்டன்."

"அம்மா" என்றார் ஜெயரூபன். "நாளைக்கு என்ட வேலை போகுது."

அம்மா அவரைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. சாக்கிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். கதவடியில் தூவினாள்.

"இஞ்ச வாங்க ராசா" என்றாள் வேலியைப் பார்த்து. "ஒரு புள்ளட பிழைப்பு. கொஞ்சம் வந்திட்டுப் போங்க."

மயில் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவசரமில்லாமல் திரும்பி வந்தது. இரண்டு மணி பொறுக்கியது. தலையை நிமிர்த்தியது. மற்ற மயில் இன்னும் போகவில்லை என்பதைக் கண்டது.

விதுர்ஷா ஜன்னல் கம்பிக்கு வெளியே போனை நீட்டினாள். ஜெயரூபன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் மாய்ந்து மாய்ந்து மினுக்கிய கதவில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"கொத்து ராசா" என்றார் மெல்லிய குரலில். "இன்னும் கொத்து. மேலயும் ஒண்டு."

வீடியோவை அனுப்பினாள். பதில் இல்லை. ஜெயரூபன் திரும்பவும் சாப்பிட உட்காரவில்லை. கை காய்ந்துபோயிருந்தது. போன் அடித்தது. நிஸ்தார். பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பக்கத்தில் வேறு சிலரும் சிரிக்கும் சத்தம்.

"யா அல்லாஹ்" என்றார் கடைசியில். "மிஸ், நம்மட பொலிஷ்ல மயிலே ஏமாந்து போச்சு."

"ஜெயரூபன் அண்ணன் பக்கத்துல நிக்கிறார்."

"அங்கயா நிக்கிறார்? சொல்லுங்க அவரிட்ட. கொழும்புக்கு அறிவிக்கத்தான் போறன். வீடியோவோட. இப்படிப் பொலிஷ் போடுற ஆளை விட்டா எனக்குத்தான் விசர் எண்டு சொல்லுங்க."

ஜெயரூபனுக்குக் கேட்டது. தட்டின் முன் உட்கார்ந்தார். ஆறிப்போன சோற்றைப் பிசைந்தார். "கறி இன்னும் கொஞ்சம் இருக்கா அம்மா?" என்று கேட்டார்.

சாப்பிட்டு முடிந்து திரும்பவும் மெழுகு டின்னைத் திறந்தார்.

"திரும்பவுமா?" என்றாள் விதுர்ஷா.

"இப்பதான் பயமில்லாமச் செய்யலாம்."

"விடிய வந்து கொத்துமே."

"சீலையால மூடி வைங்க."

"மூடினா அவர் தேடுவார்" என்றாள் அம்மா. முகம் வாடியிருந்தது. "வந்து பாத்து ஒண்டும் இல்லையெண்டா என்ன நினைப்பார்?"

விதுர்ஷா அறைக்குள் போனாள். அலங்கார மேசையின் பழைய கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. ஒரு மூலையில் ரசம் போயிருந்தது. அதன் முன் உட்கார எந்த மணப்பெண்ணும் சம்மதிக்கவில்லை. ஜெயரூபன் ஒரு பக்கம் பிடித்தார். இருவரும் தூக்கிவந்து வேப்பமரத்தில் சாய்த்தார்கள். அவர் அதையும் ஒரு முறை துடைத்தார்.

"அதுக்கும் மெழுகு பூசவா?"

"வேணாம். மயில் குறை சொல்லாது."

காரைப் பழைய படுக்கை விரிப்பால் மூடினார்கள். பொழுது சாய மயில் வந்தது. மூடிய காரைச் சுற்றியது. பிறகு கண்ணாடியைக் கண்டது. நின்றது. தோகை மெல்ல எழுந்து விரிந்தது.

"பாத்தியா" என்றாள் அம்மா. "ஆடுறார்."

"சண்டைக்கு நிக்குது அம்மா."

அம்மா கேட்காததுபோல நெல் எடுக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை தேற்றாத்தீவில் ஆர்த்திகாவின் அலங்காரம் முடியும்போது மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். தாய்மாமன் கேட்டடியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கார் வாசலில் நின்றது. ஒரு கோடு இல்லை. ஆர்த்திகா கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இடப்பக்கக் கதவின் முன் நின்றாள். குனிந்தாள். கதவுக்குள் இன்னொரு மணப்பெண் குனிந்தாள். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தாள். அந்தப் பக்கம் சாய்த்தாள். நெற்றிச்சுட்டியை ஒரு நூல் நகர்த்தினாள்.

"அக்கா, உண்மையாச் சொல்லுங்க. வடிவா இருக்கனா?"

விதுர்ஷா கதவைத் திறந்து பிடித்தாள்.

"இருக்காய். கொத்தாம ஏறு."