கருப்பட்டி பன்

ஈரத்துணிக்கு அடியில் மாவு மெல்ல உப்பிக்கொண்டிருந்தது, மரியதங்கம் விரலால் அழுத்திப் பார்த்தாள், அமுங்கிய குழி அப்படியே நின்றது, கோதுமையும் கேப்பையும் கலந்த மாவு மைதாவைப் போலத் துள்ளி எழாது, சோம்பலாகத்தான் எழும், அடுப்பில் கருப்பட்டிப் பாகு கொதிக்கிற வாசனை கூடம்வரை போயிருக்க வேண்டும், அங்கிருந்து அவள் புருசன் செபஸ்தி, ஏட்டி தங்கம், பன் ஆச்சா, என்கிறான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஐம்பது வயதுக்காரனின் குரலா அது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பேக்கரிக்கு அவளோடு ஓடிய பையனின் குரல், ஒரே தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும், தட்டில் வரிசையாகத் தேங்காய் பன்கள், வயிறு வெடித்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் வெளியே தெரிய, சுற்றிக் கொடுத்த செய்தித்தாள் முழுக்க எண்ணெய், அவன் ஓரத்தைத் தின்றுவிட்டு நடுவை அவளுக்குத் தருவான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காலில் கட்டு, எனக்கும் ஒரு வாய் தாலே என்று கையை நீட்டினார், அவன் பிய்த்துக் கொடுத்தான், உள்ளேயிருந்து ஓடிவந்த அவன் அம்மா அதைத் தட்டிவிட்டு, மனுசனக் கொல்லவா பாக்க, என்று அவன் முதுகில் அறைந்தாள், மண்ணில் விழுந்த பன்னையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவருக்கு விரல் போனது, பாதம் போனது, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ஆகி, ஒரு மழைக்காலத்தில் அவரும் போனார்.

செபஸ்திக்கும் சீனி வியாதி என்று தெரிந்த அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான், நானும் அப்பா மாதிரி ஆயிருவேனோ, என்றான், நான் இருக்கேன்லா, உங்களுக்கு ஒண்ணும் வராது, என்றாள் அவள், வீட்டுக்கு வந்ததும் சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள், போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு, சின்ன வயசுல சாப்பிட்ட எல்லாத்தையும் சத்தா நாமளே செய்யலாம், சுகர் உள்ளவங்களும் பயமில்லாம சாப்பிடலாம், என்று சொல்லச் சொல்ல இவள் மனப்பாடம் செய்தாள், மைதாவுக்குக் கேப்பை, டால்டாவுக்குத் தேங்காய் எண்ணெய், சீனிக்குக் கருப்பட்டி, நடுவில் பேரீச்சம்பழம், முதல் பன் கல்லாக வந்தது, அதையும் தின்றான், இதுல சீனி இல்லல்லா, என்றான், ஒரு பொட்டு கிடையாது, என்றாள், திங்கலாம்லா, திங்கலாம், ஒண்ணும் செய்யாது.

ஒண்ணும் செய்யாது என்று அவள் சொல்லச் சொல்ல ஒன்று இரண்டானது, டீ கேக் வந்தது, பட்டர் பிஸ்கட் வந்தது, துறைமுகத்துக்கும் டப்பாவில் போனது, பிறகு அவன் ரத்தம் சோதிக்கப் போவதை நிறுத்தினான், மாத்திரையையும் விட்டான், சீனியே தொடாதவனுக்கு மாத்திரை எதுக்குட்டி, என்றான், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க, என்றாள், அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பில் அவளுக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது, அதற்குமேல் சொல்லவில்லை. அவன் மெலிந்தான், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, ஆளு சிக்குனு ஆயிட்டாரே, என்ன வைத்தியம்க்கா, என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கருப்பட்டி பன்னின் பக்குவம் சொன்னாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறான், வெயில் காலம்தானே, கழிவறை ஓரத்தில் எறும்பு மொய்க்கிறது, மருந்துப்பொடி தூவினாள், மறுபடியும் மொய்த்தது. மத்தியானம் கண்ணயரும்போது ஈரத்துணிக்கு அடியில் மாவு உப்பிக்கொண்டே போகிறது, துணியை விலக்கினால் கட்டுப் போட்ட கால், வாசல் நாற்காலியில் யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், மாமாவா என்று கூப்பிட வாய் திறக்கிறாள், திரும்பிவிடக் கூடாதே என்று மூடிக்கொள்கிறாள், விழித்தால் வீட்டில் எலி செத்த வாடை, பரணெல்லாம் தேடினாள், எலி இல்லை.

இன்று தட்டோடு கூடத்துக்கு வந்தவள் தரையில் சொட்டுச் சொட்டாகக் கிடந்ததைப் பாகு என்றுதான் நினைத்தாள், குனிந்து தொட்டாள், ஒட்டவில்லை, சிவப்பாக இருந்தது, கொல்லை வாசலிலிருந்து டிவி முன்னால் இருக்கிற நாற்காலிவரை அந்தச் சிவப்பு. ஏங்க, கால்ல என்ன, என்றாள், என்ன கால்ல, என்று அவன் பாதத்தைத் திருப்பி அடுத்தவன் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான், குதிகாலில் பீங்கான் துண்டு ஒன்று பாதிக்குமேல் இறங்கியிருந்தது, வலிக்கலியா, என்று கத்தினாள், இல்லட்டி, ஒண்ணுமே தெரியலியே, என்றான், அவனுக்கே ஆச்சரியம், அவள் மண்டியிட்டுப் பாதத்தைத் தூக்கினாள், அப்போதுதான் சுண்டுவிரலின் இடுக்கு கறுத்துக் கிடப்பதும் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கறுப்பைக் குச்சியால் தொட்டாள், செபஸ்தி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின்ல சீனி அளவே காட்டல, அவ்வளவு ஏறிக் கிடக்கு, விரல எடுக்கணும், மிச்சத்த அப்புறம்தான் சொல்ல முடியும், வீட்டுல இனிப்பு என்ன சாப்பிடுறாரு, என்று டாக்டர் கேட்டாள். கடைப் பண்டம் எதையும் தொடுறதில்ல டாக்டர், எல்லாம் இவ கையால செஞ்சதுதான், கருப்பட்டி பன், கேப்பை பிஸ்கட், என்றான் செபஸ்தி. டாக்டர் நிமிர்ந்தாள், கருப்பட்டியா, கருப்பட்டி, பேரீச்சம்பழம் எல்லாம் ரத்தத்துல போனா சீனிதான்யா, தெரியாதா. அவன் முகம் சிவந்தது, மரியதங்கத்தின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான், அதெல்லாம் இருக்காது டாக்டர், பாத்துப் பாத்துச் செஞ்சவ, அதுனால வந்திருக்காது, வேற எதுனாலயோதான், நீங்க நல்லாப் பாருங்க. அவன் பிடி இறுகியது, வேலை செய்து காய்த்துப்போன கை, சூடாக இருந்தது, அவள் அதை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள், அவன் விடவில்லை.