இருநூற்றேழு கையெழுத்து

என் அக்காவின் உயிர், வீட்டுக்கு மாதம் நூற்றிருபது. அதற்கு மேல் ஒரு காசும் யாரும் கேட்கவில்லை. அதிகம் என்று முதலில் சொன்னவன் நான்.

குற்றம் வளர்ப்பில் இருக்கிறது. கடைத்தெருவில் பிறந்து கல்லாப்பெட்டி மேல் தூங்கி வளர்ந்தவன் நான். டாக்டர் ஃபீஸ் சொன்னால்கூட, "சரி, கடைசி விலை சொல்லுங்க" என்பார் அப்பா. எங்கள் ஆட்கள் வேண்டாம் என்று சொன்னால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து மெதுவாக நடக்க வேண்டும். பத்தடிக்குள் கடைக்காரன் கூப்பிடுவான். கூப்பிடாத கடைக்காரனை ஐம்பத்து மூன்று வயதுவரை நான் பார்த்ததில்லை.

நான் இருப்பது மேட்டுக் குடியிருப்பு. குழாய், வால்வு, வாஷர் விற்கிற கடை, மாடியில் வீடு. மேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு தண்ணீர் மீட்டர், மூன்று ஆழ்கிணறு. தண்ணீர்க் கட்டணத்தை நாங்கள் யாரும் ஒரு செலவாகவே நினைத்ததில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பள்ளக் குடியிருப்பு. நூற்று நாற்பது வீடு, ஒரே கிணறு, ஒரே மோட்டார். அங்கே மண்ணுக்குள் ஓடுவது குழாய் அல்ல, வரிசையாக அடுக்கிய ஓட்டை. அந்த ஓட்டைகளுக்கு வாரம் ஐம்பது கிளாம்ப் விற்றவனும் நான்தான். அவர்கள் எங்களைப்போல் மூன்று மடங்கு கட்டினார்கள்.

தண்ணீர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனி இரண்டு இடத்துக்கும் ஒரே கட்டணம். எங்களுக்கு மாதம் நூற்றிருபது ரூபாய் ஏறும், அவர்களுக்கு இறங்கும். மேட்டில் பாதிக்கு மேற்பட்ட மீட்டர்காரர்கள் எழுத்தில் மறுத்தால் திட்டம் ரத்து. அதாவது இருநூற்றேழு கையெழுத்து.

எங்கள் சங்கத் தலைவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் மேனேஜர்தான். குரலை உயர்த்த மாட்டார். கையெழுத்துப் போட்ட வீட்டுக் கதவில் ஒரு பச்சைத் தாள் ஒட்டச் சொன்னார், அவ்வளவுதான். பத்து நாளில் தெருவே பச்சை. தாள் இல்லாத கதவுகள் பல் விழுந்த இடம்போலத் தெரிந்தன. வயலின் டீச்சர் கதவில் தாள் இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. பதினோரு பிள்ளைகள் படித்த இடத்தில் இரண்டு பேர் மிச்சம், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

முதல் கூட்டத்தில் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "கடைக்காரரே, நீங்க என்ன நினைக்கிறீங்க? உங்க அக்கா கீழே பள்ளத்துலதானே இருக்காங்க?"

எழுபது தலை என் பக்கம் திரும்பியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பயந்தால் என் வாய் கடைத்தெருவுக்கு ஓடிப்போய்விடும்.

"நூத்தி இருபது கேட்டா நூத்தி இருபதையே கொடுப்பாங்களா? எல்லாரும் சேர்ந்து வேண்டாம்னு எழுந்து நடப்போம். பின்னாடியே ஓடி வந்து எழுபதுக்குக் கொடுப்பான். நான் முடிச்சுத் தரேன்."

சிரித்தார்கள், கை தட்டினார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. நான் நினைத்ததும் அதைத்தான், சத்தியமாக. எழுபதில் முடியும், மேட்டுக்கும் லாபம், பள்ளத்துக்கும் தண்ணீர், அக்காவுக்கும் குறையில்லை. எனக்கும் நல்ல பெயர்.

கடைசி நாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்துத் தாள்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் அலுவலகம் போனேன். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட கவுன்டர் அம்மா எண்ணினார். முத்திரை அடித்தார்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு. சரியா இருக்கு. போயிட்டு வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வாசலைப் பார்த்து நடந்தேன். மெதுவாகத்தான். கவுன்டரிலிருந்து வாசலுக்குப் பதினோரு அடி. ஆறாவது அடியில் கைக்குட்டையைக் கீழே போட்டு எடுத்தேன். ஒன்பதாவதில் கடிகாரம் பார்த்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. காவலாளி எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி ஓடினேன்.

"ஏம்மா, கொஞ்சம் குறைச்சு ஒரு விலை சொல்ல மாட்டீங்களா?"

"இது என்ன வெங்காயமா? திட்டம் ரத்து. உங்களுக்குப் பழைய கட்டணமே. சந்தோஷமாப் போங்க."

"அப்போ கீழே?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "கீழே இருக்கிற மோட்டார் கடைசி மூச்சுல இருக்கு. இந்தக் கட்டணம் வந்தாதான் புது மோட்டார், மேட்டிலிருந்து இணைப்புக் குழாய், எல்லாம். வரலேன்னா ஒண்ணாந்தேதியிலிருந்து காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கடிதத்துலயே இருக்கே, ரெண்டாம் பக்கம்."

விலை எழுதியிருந்தது முதல் பக்கத்தில். நான் அதற்கு மேல் படிக்கவில்லை.

என் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி, பதினொன்றிலிருந்து நாலு மணிவரை, வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின். ஐந்து மணி நேரமும் ஓடும் குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் கூடாது என்று மருத்துவமனையே எழுதிக் கொடுத்திருக்கிறது. என் வீட்டுக்கு மாற்றலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மெஷின் மருத்துவமனையின் சொத்து; இடம் மாற்ற நாலு மாதம் ஆகும். மருத்துவமனையிலேயே போய்ப் படுக்கலாம் என்றால், எழுபத்து மூன்று பேர் வரிசையில் இருக்கிறார்கள். அக்காவிடம் நாலு நாள்கூட உபரி கிடையாது.

"ஏம்மா, கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமா?"

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். போட்டவங்க தன் கைப்பட எழுதித் தரணும். மொத்தமால்லாம் ஆகாது."

இருநூற்று முப்பத்தொன்று. இருநூற்றாறுக்கு இறங்க வேண்டும். இருபத்தைந்து பேர், ஆறரை மணி நேரம்.

போகிற வழியில்தான் அக்கா வீடு. வியாழக்கிழமை. வாசலில் சிவப்புத் துண்டு தொங்கியது. அது தொங்கினால் அந்தச் சந்தில் இருக்கிற ஆறு வீட்டுக்காரர்களும் குழாயை மூடிவிடுவார்கள், மெஷினுக்கு அழுத்தம் குறையக்கூடாது என்று. யாரும் அவர்களிடம் கையெழுத்து வாங்கியதில்லை.

"வாடா. மூஞ்சி ஏன் கடன்காரனைப் பார்த்த மாதிரி இருக்கு?" அக்கா கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தாள். இரண்டு குழாயில் அவள் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. அத்தான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷினை அடுப்பில் வைத்த பாலைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மெஷின் கத்தியது. சிவப்பு விளக்கு. தண்ணீர் இல்லை.

அத்தான் வெளியே ஓடினார். "யாராவது குழாய் திறந்திருக்கீங்களா?" சந்து முழுக்கப் பதில் வந்தது: "இல்லைங்க! மூடித்தான் இருக்கு!" ரத்தம் குழாய்க்குள் அப்படியே நின்றது. நின்ற ரத்தம் கறுப்பாகத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சுவரில் நான் மாட்டிக்கொடுத்த குழாய்; அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிடித்தால் தண்ணீர் வந்துவிடும் என்பதுபோல. எண்ணினேன். வேறென்ன தெரியும் எனக்கு? நாற்பத்து நாலு வரை எண்ணியபோது குழாய் உள்ளங்கையில் அதிர்ந்தது. விளக்கு பச்சையானது.

"மோட்டார் இருமுது," என்றாள் அக்கா. உதடு வெளுத்திருந்தது, சிரிப்பு மட்டும் குறையவில்லை. "இந்த வாரத்துல மூணாவது தடவை. ஆமா, உங்க மறுப்புத் தாளோட நகலை, இங்கே கிளாம்ப் போட வர்ற பிளம்பர் கொண்டு வந்து காட்டினார். உன் கையெழுத்துத்தான் முதல்ல இருக்கு. இன்னும் கோழி கிளறின மாதிரியே போடறியே, தம்பி."

"அக்கா, அது வந்து…"

"எத்தனைக்கு முடிப்பே?"

"எழுபதுக்கு."

"சாமர்த்தியக்காரன்டா நீ." கண்ணை மூடிக்கொண்டாள். திட்டவில்லை.

நான் மேட்டுக்கு ஓடினேன். அக்காவைப் பற்றிச் சொன்னால், 'சொந்தக்காரிக்காக எங்க பையைத் தடவ வந்துட்டான்' என்பார்கள்; மாலைக்குள் என் கடை வயலின் வகுப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் தெரிந்த வழியில் போனேன். கடையிலிருந்து ஒரு சாக்கில் சரக்கை அள்ளிக்கொண்டு, பின்வாசல் பின்வாசலாக ஏறினேன்.

"அண்ணே, உங்க சமையலறைக் குழாய் சொட்டுதே, புதுசு கொண்டு வந்திருக்கேன். காசு வேண்டாம். இதுல ரெண்டு வரி எழுதிக் கொடுங்க."

"மேனேஜருக்குத் தெரிஞ்சா?"

"தாள் உங்க கதவுலயே இருக்கட்டும். உள்ளே எழுதினது கதவுக்கா தெரியும்?"

முடிதிருத்துபவர் ஒரு குழாய்க்கு எழுதினார். பேருந்து நடத்துநர் ஷவர் கேட்டார். பேக்கரிக்காரர் ஒரு ஃபிளஷ் டேங்குக்குக் குறைந்து இறங்கவே மாட்டேன் என்றார். என் இனத்தான், மனதுக்குள் பாராட்டினேன். மூன்றரை மணிக்கு இருபத்து மூன்று. சாக்கு காலி.

இருபத்து மூன்றாவது வீட்டின் சந்திலிருந்து வெளியே வந்தபோது மேனேஜர் நின்றிருந்தார். கையில் கசக்கிய பச்சைத் தாள் ஒன்று.

"உங்க கதவுல ஒட்டினது காத்துல உரிஞ்சு வருது, கடைக்காரரே. நானே வேற ஒட்டச் சொல்றேன்." என் காலிச் சாக்கைப் பார்த்தார். "நம்ம மேட்டுல நானூறு குளியலறை இருக்கு. எல்லாம் உங்க குழாய்தான். ஒரு கடை வேண்டாம்னு ஜனங்க எழுந்து நடந்தா, யாரும் திரும்பிக் கூப்பிட முடியாது, இல்லையா?"

என் வசனத்தையே எனக்கு விற்றுவிட்டுப் போனார். அடுத்த வீட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அது தையல்காரம்மா வீடு. சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னங்க, மயக்கமா? தண்ணி கொண்டு வரவா?"

தண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் நான் உடைந்துபோனேன். கொடுக்கச் சரக்கும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், சிவப்புத் துண்டு, நாற்பத்து நாலு எண்ணிக்கை, எழுபது என்று நான் விட்ட கதை.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "நீங்க கேட்டதாலதானே நான் போட்டேன். கீழே சொந்த அக்கா இருக்கிறவரே போடறார், அங்கே ஒண்ணும் ஆகாதுன்னுதானே போட்டேன். அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா யாருங்க போட்டிருப்பாங்க?" காகிதத்தை வாங்கி எழுதினார். "இதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

அந்த வேண்டாமில் பேரமே இல்லை. மேனேஜரைப் பார்த்துப் பயந்ததைவிட அதிகமாக அதற்குப் பயந்தேன்.

இருபத்து நாலு. மணி நாலே கால். இன்னும் மூன்று கதவைத் தட்டினேன். இரண்டு திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில், உள்ளே டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

நாலு ஐம்பதுக்கு அலுவலகத்தில் நுழைந்தேன். பெஞ்சில் மேனேஜர் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கவுன்டர் அம்மா எண்ணினார்.

"இருபத்து நாலு. மீதி இருநூத்தி ஏழு. திட்டம் ரத்துதான். ஒண்ணு கூடுதல்."

செய்தித்தாள் கீழே இறங்கியது.

காலையிலிருந்து ஊரான் கையெழுத்தையெல்லாம் விலைபேசியவன், ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்காமல் ஒளித்து வைத்திருந்தேன். இருபத்தைந்தாவது ஆள் வேறு யாராவது கிடைத்துவிடுவான், என் கதவில் பச்சை அப்படியே இருக்கும் என்று கடைசிவரை நம்பினேன்.

"அம்மா, ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க."

என் மறுப்பைத் திரும்ப வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறியதைவிட மோசமாக வந்தது. கவுன்டர் அம்மா பழைய கையெழுத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். முத்திரையைத் தூக்கினார். அடிக்க நேரமெடுத்தார். அடித்தார்.

மேனேஜர் எழுந்து வெளியே போனார். வாசல்வரை பதினோரு அடி. நான் கூப்பிடவில்லை.

இன்று ஆறாம் நாள். கடையில் வேறு வேலை இல்லாததால் கணக்கை எழுதி முடித்தேன்.

கொடுத்தது: குழாய் பதினெட்டு, ஷவர் நாலு, ஃபிளஷ் டேங்க் ஒன்று.

வாங்கியது: கையெழுத்து இருபத்தைந்து. மேட்டில் மீதி இருநூற்றாறு.

இந்த வார வியாபாரம்: வாஷர் ஒன்று. வாங்கியவர் வயலின் டீச்சர்.

புது மோட்டார் வர நாற்பது நாள். கழிந்தது ஆறு. அதில் பழையது நின்றது நாலு தடவை, கடைசித் தடவை நான் எண்ணியது எழுபது வரை.

தையல்காரம்மாவுக்குக் கொடுக்க வேண்டியது: தொகை எழுதவில்லை. பாக்கி.