ரஸ்க் எலும்பு

என் அக்கா புருஷன் டிரம்பெட் ஊதுகிறவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று போனது. கழற்றி மாட்டும் பல்லை வைத்து ஊதினால் அது ஆடுகிறது, காற்று பக்கவாட்டில் பீய்ச்சுகிறது. டிரம்பெட் அழுத்துவதே அந்த இடத்தில்தான். எலும்பில் திருகாணி பதித்துப் பல் கட்டினால்தான் அவருக்கு இனி வாத்தியம். பல் டாக்டர் நான் என்பதால் பாரம் மொத்தமும் என் தலையில்.

ஸ்கேனில் அவருடைய தாடை எலும்பு அடர்த்தி இல்லாமல் மங்கிக் கிடந்தது. துளைத்தபோது இன்னும் மோசம். நல்ல எலும்பு கருவியை எதிர்த்து நிற்கும். இதுவோ ரஸ்க் மாதிரி உள்ளே விட்டது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. கடைசி அளவுக்குத் துளைக்காமல் நிறுத்திக்கொண்டேன். ஓட்டை குறுகலாக இருந்தால் திருகாணி எலும்பை நெருக்கிக்கொண்டு உட்காரும். உட்கார்ந்தது. உறுதியை அளக்கும் கருவி நாற்பத்தெட்டு காட்டியது. எழுபதைத் தாண்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

"நாலு மாசம் டிரம்பெட்டத் தொடக் கூடாது அத்தான்."

"ஊதத்தானே கூடாது? தொடவுமா கூடாது?"

"தொட்டா ஊதுவீங்க. உங்களப் பத்தித் தெரியாதா?"

அக்கா அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மனுஷன் டிரம்பெட் பொத்தான்களை அழுத்துகிற மூன்று விரலால் சாப்பாட்டு மேசையில் தட்டிக்கொண்டே இருக்கிறார், பைத்தியம் பிடிக்கிறது என்று எனக்குப் போன் போட்டுப் புலம்புவாள்.

கெடு முடிந்து வந்தார். திருகாணியின் தலையில் சின்னக் காந்தக் குச்சியை முறுக்கிவிட்டு, கருவியை அருகில் கொண்டுபோனேன். முப்பத்தொன்பது. முன்பைவிடக் குறைவு. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"விடு. டிரம்ஸ் கத்துக்கறேன். அதுக்குப் பல்லு வேண்டாமே," என்றார். நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்த மூன்று விரல்களும் நின்றுவிட்டன.

குச்சியைக் கழற்றப் போனேன். தொட்டதுமே சுற்றியது. நான் சரியாக முறுக்கவே இல்லை! வேறு யாராவது படுத்திருந்தால் இறுக்கியிருப்பேன். அத்தானுக்கு வலிக்குமோ என்று விரல் தளர்ந்திருக்கிறது. என்னை நானே வாயாரத் திட்டிக்கொண்டு இறுக்கினேன்.

எழுபத்தாறு.

நம்பாமல் பக்கவாட்டிலிருந்தும் அளந்தேன். அதேதான். அந்த ரஸ்க் எலும்பா இது? நான் யார் யார் வாயையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் குறட்டை விட்டுத் தூங்கியபோது, யாரும் சொல்லாமலே அது வளர்ந்து உலோகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடமாக இதே வேலைதான், ஆனாலும் உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் செய்தது ஒரு ஓட்டை போட்டது மட்டும்தான்.

பல் கட்டி முடிந்ததும் அக்கா அலமாரியைத் திறந்தாள். அவர் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"ஆடிடாதே?"

"ஆடாது. ஊதுங்க அத்தான்."

"நீ நல்லாப் பிடிச்சு வச்சிருக்கியா?"

"நான் எங்க பிடிச்சேன்? உங்க எலும்பு பிடிச்சிருக்கு."

ஊதினார். ஒரே சுரம், நீளமாக, துளிக் காற்றும் ஒழுகாமல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதன் பிறகுதான் அந்த மூன்று விரல்களும் அசைய ஆரம்பித்தன.