நாற்பதாயிரமும் ஒரே எண்

நேசகுமார் கையில் இருந்தது வேதியியல் பாடப் புத்தகம். அதை ஸ்கேனருக்குக் கீழே காட்டியதும் திரையில் 'கரிசல் மண்ணில் பருத்திச் சாகுபடி' என்று வந்தது. அடுத்ததைக் காட்டச் சொன்னான் செல்வக்குமார். அது ஆங்கில அகராதி. திரை மறுபடியும் பருத்திச் சாகுபடி என்றது. மூன்றாவதாக வந்த கணக்கியலும் அதுவேதான். செல்வக்குமார் நாற்காலியை விட்டு எழுந்து புத்தகத்தைக் கையில் வாங்கி, அட்டையின் மூலையில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தான். கறுப்புக் கோடுகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் 000001 என்று இருந்தது. அகராதியிலும் 000001. நடந்துபோய் வரலாற்று அலமாரியில் ஒன்று, சட்டத்தில் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று என்று உருவிப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஒரே எண். கோடை விடுமுறையில் உட்கார்ந்து ஒட்டிய அத்தனை லேபிள்களும் ஒரே லேபிள்.

நேசகுமார் நூலக உதவியாளர். வாயைச் சும்மா வைத்திருக்க முடியாத மனிதர். "சார், ஒரே பொஸ்தகத்த நாப்பதாயிரம் காப்பி வாங்கி வச்ச யுனிவர்சிட்டி ஒலகத்துலயே நம்மதான்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், செல்வக்குமாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். மன்னிச்சுக்கோங்க சார் என்றார். செல்வக்குமாருக்கு அந்தப் பேச்சில் மன்னிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நல்ல நகைச்சுவைதான். முழுதாகச் சிரித்திருக்கலாம்.

தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. தான் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தான். சிவகாசியில் லேபிள் அச்சகம் வைத்திருக்கும் மாரிக்கண்ணனுக்குப் போனது அது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தனி எண் என்று எண்கள் அடங்கிய பெரிய கோப்பை அதில் இணைத்திருக்க வேண்டும். இணைத்திருந்தது மாதிரிக்காகச் செய்த ஒற்றைத் தாள். கீழே 'இதே டிசைன், நாற்பதாயிரம்' என்று ஒரு வரி. அச்சகம் சொன்னதைச் செய்திருக்கிறது. அங்கே வெடிப் பெட்டிக்கான லேபிள் ஒரு லட்சம் அடித்தால் ஒரு லட்சமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மாறினால்தான் தப்பு. அச்சகத்திலிருந்து ஒட்ட வந்த பெண்களில் ஒருத்தி, என்ன எல்லாத்துலயும் ஒரே நம்பரா இருக்கு என்று கேட்டாளாம். பெட்டியில் லைசென்ஸ் நம்பர் போடுவதில்லையா, அதுபோல இது யுனிவர்சிட்டி நம்பராக இருக்கும் என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் அதை ஒப்புக்கொண்டு ஒட்டி முடித்திருக்கிறார்கள். லேபிள் கிழியாமல் இருக்க மேலே கண்ணாடி டேப் வேறு.

அந்த மெயிலை அனுப்பிய வாரத்தில்தான் செல்வக்குமார் திரும்ப வேலைக்கு வந்திருந்தான். காய்ச்சல் என்று மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மனைவி பானுப்பிரியாவை ஆம்புலன்ஸில் தாயில்பட்டிக்குக் கொண்டுபோய், அவளுடைய அப்பா அம்மா வீட்டு வாசலில் இறக்கி, காரியமெல்லாம் முடித்துவிட்டு வந்திருந்தான். மாரிக்கண்ணன் அவளுடைய தம்பி. நூலகத்துக்கு லேபிள் தேவைப்படும் என்று தெரிந்ததும், என் தம்பிகிட்ட குடுங்க, வெடி லேபிளையே நம்பியிருந்தா வருசத்துல பாதி நாள் மிசின் தூங்குது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். முறைப்படி மூன்று விலைப்புள்ளி வாங்கி, குறைவாக இருந்ததால் அவனுக்கே கிடைத்தது. இது சரியாக முடிந்தால் தேர்வு விடைத்தாள் மேலட்டைகளும் அவனிடம் வரும் என்று பேச்சு இருந்தது.

சூலக்கரையிலிருந்து செல்வக்குமார் தினமும் பஸ்ஸில் வருவான். பல்கலைக்கழகத்தின் நூலகத்தைக் கணினிக்கு மாற்றும் வேலை இரண்டு வருடமாக அவனுடையது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தாமதமானால் என்ன, தொலைந்தால் என்ன என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு திரை. தலைமை நூலகர் தேவமணி மேடம் முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டத்துக்கும் சண்டை போடுவார். ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு என்று அவன் வைத்திருந்ததைப் பார்த்து, நமக்கு ஏது குடும்பப் பேரு, எங்கப்பா பேரைப் போட்டு என்னைத் தேடுவீங்களா என்று ஒரு மத்தியானம் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவன்தான் மாற்றினான். பானுப்பிரியா போன பிறகு அந்த அம்மா எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. தாமதக் கட்டணம் விடுமுறை நாளுக்கும் சேர்ந்து ஏறுவதுபோல அவன் தவறாக எழுதியிருந்த திரையைக் காட்டியபோதும், நல்லா இருக்கு தம்பி என்றார். கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்தத் தப்பை இரண்டு வாரம் கழித்து அவனே கண்டுபிடித்தான்.

எல்லா இடத்திலும் அப்படித்தான் இருந்தது. கேன்டீனில் அவன் போனால் வரிசை விலகியது. வருகைப் பதிவில் அவன் தாமதமாக வந்த நாட்களில் யாரோ தாமதம் என்று குறிக்காமல் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டுவைத்தார்கள். வீட்டில் அம்மா குழம்பில் உப்பு கூடிவிட்டதா என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டாள். எல்லோரும் பஞ்சு சுற்றிய கையால் அவனைத் தொட்டார்கள். அவனுக்கு அதில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. எந்தச் சுவரிலும் இடித்துக்கொள்ளாமல் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நடந்துவிட முடிகிறது என்று மட்டும் கவனித்தான்.

பதிவாளர் அறையில் நடந்த கூட்டத்தில், தவறு யாருடையது என்று பதிவாளர் கேட்டார். என்னுடையது சார், தப்பான தாளை அனுப்பிவிட்டேன் என்றான் செல்வக்குமார். பதிவாளர் அவனைப் பார்க்காமல் தேவமணியிடம், அச்சகத்துக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்றார். அச்சகமே தன் செலவில் பழையதை உரித்துப் புதிதாக ஒட்டித் தர வேண்டும், அடுத்த வேலைகளை இவர்களுக்குக் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தேவமணி எழுதிக்கொண்டார். அவன் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அவர் அவனுடைய முழங்கையைத் தொட்டார். வெளியே வராந்தாவில், "மனசுல வச்சுக்காதீங்க தம்பி. இருக்குற கஷ்டம் போதும்" என்றார்.

அன்று சாயங்காலம் மாரிக்கண்ணனுக்குப் போன் செய்தான். அவன் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தான். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"விடுங்க அத்தான். எந் தப்புதான்" என்றான் மாரிக்கண்ணன். "ஒத்தத் தாளா இருக்கேன்னு எனக்கும் தோணுச்சு. கேக்கலாம்னுதான் போன எடுத்தேன். அந்த நேரத்துல ஒங்களப் போயி எப்படிக் கேக்கன்னு வச்சுட்டேன்."

சாப்பிட்டீகளா அத்தான் என்று மாரிக்கண்ணன் கேட்டான். சாப்பிட்டேன் என்றான் செல்வக்குமார். அதோடு பேச்சு முடிந்தது.

ஆவணியில் வேலை தொடங்கியது. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். மாரிக்கண்ணனால் அச்சகத்தை விட்டு வர முடியவில்லை. அவன் மனைவி பாண்டிலட்சுமி வந்தாள். அச்சகத்தில் வேலைபார்க்கும் இரண்டு பெண்களோடு, எண்ணை மாற்றி மாற்றி அடிக்கும் சின்னப் பிரிண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சாக்குப் பையில் வைத்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாள். பெண்கள் விடுதியிலிருந்து முடி காயவைக்கும் மிஷின் ஒன்றை நேசகுமார் கேட்டு வாங்கிவந்தார். அதன் சூட்டில் பசை இளகும். டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, அட்டை கிழியாமல் மெதுவாக இழுக்க வேண்டும். வாசிப்புக் கூடத்தின் ஒரு ஓரத்தில் சமுக்காளம் விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவர்களைச் சுற்றிப் புத்தகங்கள் இடுப்புயரத்துக்கு ஏறின. மறுகோடியில் மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வக்குமார் தன் மேசையிலிருந்து அவர்களைப் பார்த்தான். பாண்டிலட்சுமி வந்ததிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டீகளா என்றுகூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவன் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றான்.

"என் தப்புதாம்மா இது" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள், தலை நிமிராமல். "ஒங்க தப்புதான்."

உரித்துக்கொண்டிருந்த மற்ற இருவரின் கையும் நின்றது. பாண்டிலட்சுமி கையில் இருந்த புத்தகத்தின் டேப்பை முழுதாக இழுத்து, சுருட்டி, பக்கத்தில் இருந்த குவியலில் போட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"ஒத்தத் தாள அனுப்பிட்டு நாப்பதாயிரம்னு எழுதுனா, பிரஸ்ஸுக்காரன் என்ன சோசியமா பாப்பான்? படிச்ச ஆளுதானண்ணே நீங்க. சீசன்ல ரெண்டு கம்பெனி ஆர்டரத் தூக்கி வேற பிரஸ்ஸுக்குக் குடுத்துட்டு இங்கன வந்து சொரண்டிக்கிட்டு இருக்கோம்."

ஆபீஸில் சொல்லிவிட்டதாகவும் அவர்கள் கேட்கவில்லை என்றும் அவன் சொன்னான்.

"எப்பிடிச் சொன்னீக? இந்த மொகத்த வச்சுக்கிட்டா?" என்றாள். "இந்த மொகத்தப் பாத்துட்டு எவன் ஒங்க மேல குத்தம் சொல்லுவான்? எழுதிக் குடுத்தீகளா?"

"இல்ல."

"மதினிக்கு நாங்களும்தான் அழுதோம். ஒங்க மச்சினன் அழுதுக்கிட்டேதான் மிசின் ஓட்டுனாரு. இந்த ஆர்டரு மதினி வாங்கிக் குடுத்தது. அது வாங்கிக் குடுத்த வேலையில எம் புருசன் பேரு கெட்டுக் கெடக்கு. நீங்க அங்கன ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கீக."

அவள் குரல் உயரவே இல்லை. ஆனாலும் கூடத்தின் அந்தப் பக்கம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். நேசகுமார் ஒரு அலமாரிக்குப் பின்னால் போய் இல்லாத புத்தகம் ஒன்றைத் தேடினார். செல்வக்குமாருக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நிற்பவன் போல நின்றான். அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்று மட்டும் ஏனோ தோன்றவில்லை.

பிறகு போய் மேசையில் உட்கார்ந்தான். அவன் கணினியைத் திறந்ததும் பாண்டிலட்சுமி எழுந்துவந்து பின்னால் நின்றாள். விரல் நுனியெல்லாம் பசை கறுத்து ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் எழுதாதீக, எனக்கும் தெரியணும் என்றாள். அவன் தமிழில் தட்டினான். லேபிள் வேலையில் நடந்த தவறு முழுக்கத் தன்னுடையது என்றும், எண்கள் இருந்த கோப்புக்குப் பதிலாக மாதிரித் தாளைத் தான் அனுப்பிவிட்டதாகவும், அந்த மெயிலை இத்துடன் இணைத்திருப்பதாகவும், அச்சகத்தின் மீது எந்தத் தவறும் இல்லாததால் செலவையும் பழியையும் அதன் மீது போட்ட முடிவை மாற்றும்படி கேட்டுக்கொள்வதாகவும் எழுதினான். தன் மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுக்கலாம் என்று கடைசி வரியைச் சேர்த்தான். அவள் உதடசைத்து வாசித்தாள். அந்த மெயிலச் சேத்துட்டீகளா, இல்ல இதுலயும் மறந்துட்டீகளா என்று கேட்டாள். மறந்துதான் இருந்தான். இணைத்தான். பதிவாளருக்கும், தேவமணிக்கு ஒரு நகலும் போயிற்று.

பதில் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியாது. பதிவாளர் இதையும் படித்துவிட்டுப் பக்கத்தில் வைத்துவிடலாம். வேலையே போகலாம். அவன் மேசையில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து பாண்டிலட்சுமி, "முடிஞ்சதுல்ல? இங்கன வாங்க" என்றாள்.

அவனைச் சமுக்காளத்தில் உட்காரவைத்தாள். பிரிண்டரிலிருந்து வரும் புது லேபிள்களின் எண்ணை அவன் சத்தமாக வாசிக்க வேண்டும். அவள் புத்தகத்தின் உள்பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கும் பழைய பதிவு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் ஒட்ட வேண்டும். ஸ்கேன் பண்ணினாலே தெரிந்துவிடும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். ஒங்க மிசினையும் ஒங்களையும் நம்புனது போதும் என்றாள். மற்ற இருவரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆயிரத்து நானூற்று ஆறு என்று அவன் வாசித்தான். மாதக்கணக்கில் அடங்கியே பேசிப் பழகிய குரல் பாதியில் தேய்ந்தது.

"கேக்கல."

மறுபடி வாசித்தான்.

"நல்லா வாயத் தொறந்து வாசிங்கண்ணே. இங்கன காத்தாடிச் சத்தத்துல என்ன கேக்குது?"

அவன் குரலை உயர்த்தினான். ஆயிரத்து நானூற்று ஏழு. சரி. எட்டு. சரி. ஒன்பது. இருங்க, ஒட்டிக்கிறேன். பத்து. எண்கள் உயரமான கூரையில் முட்டித் திரும்பி வந்தன. மறுகோடியில் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவனும் திரும்பினான். செல்வக்குமார் அவர்களைக் கவனிக்கவில்லை. பதினொன்று என்று கத்தினான்.

கூடத்தின் நடுவே கண்ணாடி அறையில் தேவமணி தன் திரையில் வந்திருந்த மெயிலைப் படித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, புத்தகக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவனை நேராகப் பார்த்தார். வாசிப்புக் கூடத்தில் சத்தம் போடும் மாணவர்களுக்காக புத்தகம் வழங்கும் மேசையில் ஒரு பித்தளை மணி இருந்தது. அதன் தலையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் வாய் திறந்தபடி நின்றது. அடுத்த லேபிள் அவனுடைய ஆட்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டு மின்விசிறிக் காற்றில் படபடத்தது.