லிபினாவின் பத்து மணி நிழல்

1941 ஏப்ரல் முதல் மொராவியாவின் லிபினா கிராமத்துத் தெருவில் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு போர் விமானத்தின் நிழல் கடந்து போனது. மேலே விமானம் எதுவும் இருக்கவில்லை. கோயில் பக்கமிருந்து வந்து, ஓல்ட்ரிஹ் வீட்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே போகும். அது அவனுடையதுதான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்த வருடம் அவன் நடந்தே எல்லை தாண்டி, போலந்து, பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து சேர்ந்து அங்கே சண்டை விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். பெல்ஜியச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன் கடிதமே போடுவதில்லை என்று மனைவி போஷேனா காவல் நிலையத்தில் பொய் சொல்லி வைத்திருந்தாள். வெளிநாட்டில் பறப்பவர்களின் குடும்பங்களை முகாமுக்கு அனுப்பிய காலம் அது.

நிழலை மறைக்கும் வழியைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு அப்போலேனா. நிழல் என்பது வெளிச்சம் வராத இடம். ஏற்கெனவே வெளிச்சம் இல்லாத தரையில் விழுந்தால் அது தெரியாது. பத்து மணி வெயில் சாய்ந்து விழுவதால், கயிற்றில் தொங்கும் படுக்கை விரிப்பு ஒவ்வொன்றும் கிட்டத்தட்டத் தன் உயர அளவுக்குத் தரையை மறைக்கும். ஆகவே விரிப்பின் உயர அளவே இடைவெளி விட்டுத் தெருவுக்குக் குறுக்கே கயிறுகள் கட்டி, பெண்கள் தினமும் விரிப்புகளைக் காயப் போட்டார்கள். விரிப்பின் மேலேயே விழும் பகுதி காற்றில் அசைந்து துண்டுதுண்டாகிவிடும். மேகமூட்டமான நாட்களில் நிழல் வராது. அன்று போஷேனா சாப்பிட மாட்டாள்.

அடுத்த வருடம் புனித வெள்ளியன்று வானம் தெளிவாக இருந்தது. அன்று துணி துவைப்பது கிறிஸ்துவின் ரத்தத்தில் துவைப்பதற்குச் சமம் என்று மொராவியப் பெண்கள் துணியை நனைக்கவே மாட்டார்கள். புதிதாக வந்த ஜெர்மன் அதிகாரி தெருவில் நின்றுகொண்டிருந்தார். போஷேனா மட்டும் கூடையோடு வெளியே வந்தாள்.

"ஏண்டி, இன்னிக்குமா? நரகத்துக்குத்தான் போவே," என்றாள் அப்போலேனா.

"நரகத்துக்கு மெதுவாப் போய்க்கறேன்க்கா. முகாமுக்கு இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவான்."

அப்போலேனா யோசித்தாள். "துவைக்கத்தானே கூடாது? தொங்கவிடக் கூடாதுன்னு பாதிரியார் சொல்லலையே."

அலமாரியில் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த விரிப்புகள் கால் மணி நேரத்தில் தெரு முழுக்கத் தொங்கின. அதிகாரி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சுதானே இருக்கு? அப்புறம் எதுக்கு?"

"எங்க ஊர்க் காத்து அப்படிங்க ஐயா. மாட்டுறதுக்குள்ள காஞ்சுடும்," என்றாள் அப்போலேனா.

பத்து மணிக்கு நிழல் வந்து விரிப்புகளுக்குள் கலைந்தது. ஆனால் அதிகாரி விரிப்பு எட்டாத ஓர் இடைவெளியில், வெயிலில் நின்றிருந்தார். இறக்கை அவருடைய சாம்பல் நிறக் கோட்டின் மேல் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போனது. அவர் அண்ணாந்து பார்த்தார். அறிக்கையில் நிழலைப் பற்றி எழுதினால், விமானம் இல்லை என்பதையும் எழுத வேண்டும். அப்படி எழுதுபவரை மனநல மருத்துவமனைக்கோ ரஷ்யப் போர்முனைக்கோ அனுப்புவார்கள். அவர் தோளைக் கையுறையால் தட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

1944 செப்டம்பரில் ஒரு நாள் நிழல் மேற்கே திரும்பவில்லை. பின்கட்டுத் தோட்டத்தில் இரண்டு பிளம் மரங்களுக்கு நடுவே இறங்கி நின்றது. போஷேனா இருட்டும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் விடிந்தபோது அது அங்கேயே கிடந்தது. போர் முடிந்தபின் லண்டனிலிருந்து வந்த கடிதத்தில் அவன் விமானம் விழுந்து இறந்த நாளாக அதே தேதிதான் இருந்தது.

பின்னால் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு மேற்கத்தியர்களோடு பறந்தவர்களைப் பிடிக்கவில்லை. ஓல்ட்ரிஹின் பெயரை நினைவுக் கல்லில் பொறிக்கவில்லை. நிழலை அகற்றத் தோட்டத்தைத் தோண்டவும் இரண்டு ஆட்களை அனுப்பினார்கள். எட்டு வண்டி மண் வெளியே போன பிறகும், நிழல் குழியின் அடியில் ஓரம் சிதையாமல் கிடந்தது. போஷேனா கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டு அவர்கள் குழியை மூடினார்கள்.

அந்த மண்ணில் அவள் சாலட் கீரை விதைத்தாள். மற்ற தோட்டங்களில் ஜூன் வெயிலில் பூத்துக் கசந்துவிடும் கீரை, இங்கே நிழலின் குளுமையில் ஜூலை வரை இளசாக இருந்தது. நிழலின் வால் பகுதி மட்டும் ஒடுங்கலானது. இரண்டு பக்கமும் வெயில் புகுந்துவிடும். ஒரு நாள் அப்போலேனா கிண்ணத்தோடு வேலிக்கு வந்தாள்.

"வால் பக்கம் வேண்டாம்டி, கசக்குது. இடது இறக்கையில பறிச்சுக் குடு."

போஷேனா இடது இறக்கையில் குனிந்து பறித்துக் கொடுத்தாள்.