இங்கபோர்க்கின் இரண்டாவது பெயர்

உங்கள் வீட்டு அழைப்பு மணி முதல்முதலாக எப்போது அடித்தது? எனக்கு நாள் தெரியும். நோர்வேயில், ஹவுகெட்டோவில் இந்த மாடிவீட்டுக்கு நான் வந்து பதினொரு வருடத்துக்குப் பிறகு, 2006 மாசியில், ஒரு சனிக்கிழமை. எதிர்வீட்டு நோரா நின்றார். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். தன் கணினி பழுது, உங்களுடையதைக் கொஞ்ச நேரம் பாவிக்கலாமா என்றார்.

அவர் தேடியது இங்கபோர்க் என்ற பெண்ணை. நோராவின் பூட்டியின் அக்கா. 1869இல் தனியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய், மினசோட்டாவில் ஒரு கோதுமைப் பண்ணையில் வேலை செய்தவள். நாலு வருடம் கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில் மாடு கன்று போட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். வீட்டு வேதாகமத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 1874 என்றும் ஒரு சிலுவையும். செத்துவிட்டாள் என்று அர்த்தம். ஆனால் அந்தப் பக்கத்தில், அவர்களுடைய சபையான லுத்தரன் கோயில்களின் பதிவுப் புத்தகம் ஒன்றிலும் அவளுக்குக் கல்லறை இல்லை. மூன்று வருடமாகத் தேடுகிறாராம்.

கணினி திருத்தி வந்த பிறகும் நோரா சனிக்கிழமைகளில் வந்தார். அவர் வாஃபிள் அப்பம் கொண்டுவருவார், நான் வடை சுடுவேன். வியாழக்கிழமையே உளுந்து இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். என்னோடு பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் குலேந்திரன் பகிடி பண்ணாமல் விடவில்லை.

"செத்த வெள்ளைக்காரியளைத் தேடுறாய். உயிரோடை இருக்கிற உன்னைத் தேட ஒரு சனமும் இல்லை, மச்சான்."

ஒரு சனிக்கிழமை சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்து நோரா பெயர் கேட்டார். மேரியம்மா என்றேன். அதற்கு முதல் சிவபாக்கியம். அப்பாவைக் கலியாணம் கட்ட, முதல்நாள் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவ. அன்றைக்கே அம்மாவின் தகப்பன் கிணற்றடியில் தலைமுழுகி, மகள் செத்துப்போனாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

நோரா தமிழில் கதைக்கவில்லைத்தான். ஆனால் எனக்கு இப்படித்தான் கேட்டது.

"உயிரோடை இருக்கேக்கையோ?"

"ஓம். பிறகு என்னையும் பெத்து, எழுபது வயசு மட்டும் இருந்தவ."

சொல்லும்போதே அந்த வேதாகமச் சிலுவை ஞாபகம் வந்தது. வாய் வரைக்கும் வந்ததை வடையோடு விழுங்கிவிட்டேன். இங்கபோர்க் கிடைத்துவிட்டால் இந்த மனிசி ஏன் இங்கே வரப்போகிறார்?

இரண்டு சனிக்கிழமை பொறுத்தேன். மூன்றாவதில், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இனிக் காணும், விட்டுவிடுவோம் என்றார் நோரா. அதைத் தாங்க முடியவில்லை.

"எங்கடை கோயில் புத்தகத்திலை பாத்தனீங்களோ? கத்தோலிக்கக் கோயில்."

அவர் பார்க்கவேயில்லை. கத்தோலிக்கரை ஏற்காத அந்த லுத்தரன் குடும்பத்தில் ஒருவருக்கும் அது தோன்றியிராது. கடைசிக் கடிதத்தில் இருந்த சின்ன ஊரின் கத்தோலிக்கக் கோயிலுக்கு அன்றைக்கே மின்னஞ்சல் போட்டோம். இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்ததையும், ஏன் என்பதையும் சொன்னேன். நோரா இன்னொரு வடை எடுத்தார்.

மூன்று கிழமையில், ஒரு சனி பின்னேரம், பதில் வந்தது. பழைய பக்கமொன்றின் படம். 1874. இங்கபோர்க், நோர்வேக்காரி, வயது இருபத்துநான்கு, ஞானஸ்நானப் பெயர் மேரி. அடுத்த வரியில், மறுநாள், ஐரிஷ்காரப் பண்ணையாள் ஒருவனோடு கலியாணம். பிறகு ஆறு பிள்ளைகளின் ஞானஸ்நானம். இறப்பு 1921.

"நாப்பத்தேழு வருசம்," என்றார் நோரா. "நாங்கள் சாக்காட்டிப்போட்டு இருக்க, மனிசி நாப்பத்தேழு வருசம் மாடு வளத்திருக்கிறா."

சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் கண்ணால் தண்ணீர் வந்தது. பிறகு சொந்தக்காரருக்கெல்லாம் ஃபோன் பண்ண வேண்டும் என்று ஓடினார். வாஃபிள் தட்டை என் மேசையிலேயே விட்டுவிட்டார். அதைக் கழுவித் துடைத்து வைத்தேன். திருப்பிக் கொடுக்கும் சாட்டிலாவது ஒருமுறை பார்க்கலாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மணி அடித்தது. நோரா ஒரு புதுக் கொப்பியோடு நின்றார். முதல் பக்கத்தில் நோர்வே எழுத்தில் சிவபாக்கியம் என்று எழுதியிருந்தது. அவவின் தகப்பனுக்கு என்ன பெயர் என்று கேட்டார். தெரியாது என்றேன். நோரா உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றினார்.